பின்சக்கர டிஸ்க் பிரேக்: காயலான் கடையில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிட்டு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்களை, வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே மிச்சிகனில் இருந்து படித்தேன். அருமையான படங்கள், ஆர்வமூட்டும் நடை. ஆனாலும் அதில் இரண்டு வரிகளை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காயலான் கடையில் கிடக்கும் வண்டியிலிருந்து டிஸ்க் பிரேக்குகளைக் கழற்றி வந்து பழைய காரின் பின்சக்கரங்களில் மாட்டினால் கார் நிற்கும் தூரம் பாதியாகக் குறைந்துவிடும் என்பது ஒன்று; சனி, ஞாயிறு இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது மற்றொன்று. கட்டுரை வந்த மறுநாளே என் நண்பரின் மகன், டெட்ராய்ட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத இளைஞன், தொலைபேசியில் அழைத்து, "மாமா, இந்த வாரக் கடைசியிலேயே முடிச்சிடலாமாம், ஜாக்கி மட்டும் குடுக்கறீங்களா?" என்று கேட்டான். அந்த அழைப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் இயந்திரவியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெட்ராய்ட் புறநகரில் வசிக்கிறேன். என்னிடம் 1967ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. 289 கன அங்குல வி8 எஞ்சின், முன்சக்கரங்களில் தொழிற்சாலையிலேயே பொருத்திய டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும்; டிரம் பிரேக்கில் சுழலும் உருளைக்குள் இருக்கும் ஷூக்கள் விரிந்து அதன் உள்சுவரை அழுத்தும். 1964 மாடல் பான்டியாக் ஜிடிஓவின் வழியில் வந்த பெரிய கார்களையே மசில் கார் என்று அழைக்க வேண்டும், அளவில் சிறிய மஸ்டாங்கைப் போனி கார் என்றுதான் சொல்ல வேண்டும் என்று இங்குள்ள மூத்த ரசிகர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்றாலும் பிரேக் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கட்டுரையில் சொல்லப்பட்ட அதே மாற்றத்தை ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காரில் நானே செய்தேன். எனக்கு இரண்டு நாள் போதவில்லை. ஒரு கோடைக்காலம் முழுவதும் பிடித்தது.

முதலில் நிற்கும் தூரத்தைப் பார்ப்போம். சாலையில் காரை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிப்புதான். சரியாக அட்ஜஸ்ட் செய்த பத்து அங்குல டிரம் பிரேக்கே பின்சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும் அளவுக்கு வலுவானது; பூட்டிய சக்கரத்தை டிஸ்க் வந்து அதற்கு மேல் எப்படிப் பூட்ட முடியும்? போதாக்குறைக்கு, பிரேக்கை அழுத்தியதும் காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. 1965ஆம் ஆண்டில் பந்தயத்துக்கென்றே உருவான ஷெல்பி ஜிடி350 காரில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் அகலமான டிரம்மும் இருந்தன. அந்தக் காரைச் செய்தவர்கள் பிரேக் பற்றி அறியாதவர்கள் அல்லர். பின்சக்கர டிஸ்க் அன்றைக்குக் கிடைக்காத பொருளும் அல்ல. 1965 மாடல் செவர்லே கார்வெட்டில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்துவிட்டது; 1969 கமாரோவில் ஜேஎல்8 என்ற விருப்பத் தேர்வாக அது கிடைத்தும், அந்த ஆண்டு அப்படி வெளிவந்த கார்கள் வெறும் 206. பெரும்பாலான வாங்குபவர்களுக்கு அந்தச் செலவு தேவையாகப் படவில்லை.

பிறகு ஏன் நான் மாற்றினேன் என்று கேட்கலாம். முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஐந்தாவது, ஆறாவது தடவைதான் தெரியும். நீண்ட இறக்கத்தில் அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கும்போது டிரம் சூடாகி விரிகிறது. விரிந்த டிரம்மை எட்டிப் பிடிக்க ஷூ கூடுதல் தூரம் போக வேண்டியிருப்பதால் பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. மழைநீர் தேங்கிய இடத்தைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் புகுந்த நீர் வெளியேறும்வரை ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூட்டையும் நீரையும் விரைவில் உதறிவிடுகிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரே மாதிரி பிடிக்கும் என்ற நம்பிக்கை கிடைக்கிறது. என் ஆசை அதுவாகத்தான் இருந்தது, அது நிறைவேறியும் இருக்கிறது. நிற்கும் தூரம் பாதியாகும் என்று நம்பி ஒருவர் இதைச் செய்தால், அந்த நம்பிக்கையிலேயே முன்னால் போகும் வண்டியை நெருங்கி ஓட்டுவார் என்பதுதான் என் கவலை.

இனி காயலான் கடைக்கு வருகிறேன். அங்கே சாமான் வாங்குவதைக் கட்டுரை ஊக்குவிப்பதில் எனக்கு முழு உடன்பாடு. அறுபதுகளின் மஸ்டாங்குக்கு இங்கே பலரும் தேடிப்போவது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சிலை, அதாவது இரு பின்சக்கரங்களையும் தாங்கும் அச்சைத்தான். அதற்கு முந்தைய எக்ஸ்ப்ளோரரில் பின்னால் டிரம்; 2002இல் வந்த மாடலில் பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டதால் அது நமக்கு உதவாது. நடுவில் உள்ள இந்த ஏழு ஆண்டு வண்டிகளில் ஆக்சிலின் நடுவே 8.8 அங்குல வளையப் பற்சக்கரம் (ரிங் கியர்), 31 பல் கொண்ட தடித்த ஆக்சில் ஷாஃப்ட், அதன் முனைகளில் ஏற்கெனவே பொருத்திய டிஸ்க் பிரேக் என எல்லாம் ஒரே துண்டாகக் கிடைக்கின்றன. சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகளும் மஸ்டாங்கில் உள்ளதைப் போலவே நாலரை அங்குல வட்டத்தில் அமைந்துள்ளன. ஆக்சிலின் மொத்த அகலம் 1967 முதல் 1970 வரையிலான மஸ்டாங்கின் அகலத்திலிருந்து அரை அங்குலத்துக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. 1965, 1966 மாடல்களுக்கு இது அகலம் அதிகம், ஒரு பக்கக் குழாயை வெட்டிச் சுருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய விவரச் சீட்டில் ஆக்சில் என்ற இடத்தில் டி4 என்று இருந்தால் 3.73 கியர் விகிதமும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை போகும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தே உள்ளன என்று பொருள். அந்த ஒரு சீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காயலான் கடை புதையல்தான்.

ஆனால் புதையலைத் தோண்டும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மிச்சிகனில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். இங்கே இருபது ஆண்டு ஓடிய வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். நான் முதலில் பார்த்த எக்ஸ்ப்ளோரரின் ஆக்சில் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி உள்ளே இருந்த தகட்டை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டியபோது இரும்பின் கணீரென்ற ஓசை வரவில்லை, மண்பானையைத் தட்டியதுபோல மந்தமாக ஒலித்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு துண்டு உடைந்து கையோடு வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் ஷூக்களைத் தாங்கி நிற்க வேண்டிய தகடு அதுதான். அந்த வண்டியை விட்டுவிட்டேன். தெற்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்து விபத்தில் சிக்கிய வேறொரு எக்ஸ்ப்ளோரரின் ஆக்சில் கிடைக்கும்வரை ஏழு வாரம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை இந்த வேலையில் நான் செய்த சரியான முடிவுகளில் முதலாவதாகக் கருதுகிறேன்.

எதை எடுத்து வரலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இரும்பை எடுக்கலாம்: ஆக்சில் கூடு, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பிடி, ஷாஃப்ட்டுகள், கியர்கள். டிஸ்க்கை எடுப்பதானால் அதன் மேலேயே வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிட வேண்டும். புதிய டிஸ்க்கின் விலையைப் பார்த்தால் அந்தச் சிரமத்துக்கே தேவையில்லை. ரப்பரையும் உராயும் பொருளையும் ஒருபோதும் எடுக்கக் கூடாது. பிரேக் ஹோஸ், பேட், ஹேண்ட் பிரேக் ஷூ, ஆயில் சீல் எல்லாம் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்சுவர் உப்பி அடைத்துக்கொண்டு, அழுத்தத்தை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் செய்யும். காலிப்பரைக் கழற்றி வாருங்கள், மாட்டுவதற்காக அன்று. உதிரிபாகக் கடையில் புதுப்பித்த காலிப்பர் வாங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு முன்பணம் பிடித்து வைப்பார்கள். காயலான் கடைக் காலிப்பரை நீட்டினால் அந்தப் பணம் நம் கைக்குத் திரும்ப வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் நின்ற வண்டியின் காலிப்பரில் பிஸ்டன் துருப்பிடித்திருக்காது என்று நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்வது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

இன்னொன்றையும் அந்த இளைஞனுக்குச் சொன்னேன். அங்கே வண்டிகளைச் சக்கர ரிம்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து அவற்றின் மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். நமக்கு முன் வந்தவர் எதைத் தளர்த்திவிட்டுப் போனார் என்பது தெரியாது. பக்கவாட்டில் அசைத்துப் பார்க்காமல் அடியில் படுக்கவே கூடாது.

ஆக்சிலைக் காரில் ஏற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோரரின் லீஃப் ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்தெறிந்துவிட்டு, மஸ்டாங்கின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும்; கார் தன் சொந்த எடையில் தரையில் நிற்கும்போது பினியன் கோணத்தை, அதாவது ஆக்சிலின் நடுவே நுழையும் பற்சக்கரத் தண்டின் சாய்வை, அளந்த பிறகே பற்ற வைக்க வேண்டும், அதுவும் குழாய் வளைந்துவிடாமல் இடமும் வலமுமாக மாறி மாறிச் சிறு சிறு அளவில். எஞ்சினின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஓட்டு ஷாஃப்ட்டின் முனையில் உள்ள இணைப்புத் தட்டு (ஃபிளாஞ்சு) இரண்டு வண்டிகளிலும் ஒன்றல்ல என்பதால் அதற்கு இணைப்பு வேண்டும். நீளத்தையும் பட்டறையில் கொடுத்துத் திருத்திப் பேலன்ஸ் செய்ய வேண்டியிருந்தது. பழைய 14 அங்குல ரிம் காலிப்பரில் உரசுகிறது, 15 அங்குலம் தேவை. இவற்றில் எதுவும் ஞாயிறு மாலைக்குள் முடிகிற காரியம் இல்லை.

கட்டுரை ஒரு சொல்கூடச் சொல்லாமல் கடந்துபோன இடத்துக்கு இப்போது வருகிறேன். பிரேக் மாற்றம் என்றால் பலருக்கும் சக்கரத்தருகே நடக்கும் வேலை மட்டுமே கண்ணில் படுகிறது. உண்மையில் சக்கரத்தில் எதை மாற்றினாலும் அதன் கணக்கு, பெடலை மிதிக்கும் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றிக் குழாய்களில் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் வந்து முடிகிறது. டிரம் பிரேக்கில் ஷூக்களை டிரம்மை ஒட்டியபடி வைத்திருக்கவும், சக்கரத்தில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் சுருங்கிக் காற்றை உள்ளே இழுத்துவிடாமல் இருக்கவும், பிரேக்கை விட்ட பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் தங்கும்படி மாஸ்டர் சிலிண்டரின் வாயிலில் ஒரு சிறு வால்வு வைத்திருப்பார்கள். டிரம்மில் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தீங்கு செய்யாது. டிஸ்க்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடையாது. அதே அழுத்தம் பேடை டிஸ்க்கின் மேல் ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இது படித்துத் தெரிந்த பாடம் என்றாலும் என் காரிலேயே அதை அனுபவித்தேன். முன்னால் ஏற்கெனவே டிஸ்க் இருந்ததால் மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்குக்கு உரியதுதான் என்று எண்ணிவிட்டேன். பின்சக்கரக் குழாய்க்கான வாயிலுக்குள் டிரம்முக்கான வால்வு அப்படியே இருந்தது. முதல் ஓட்டத்தில் மூன்று மைல் கூடப் போகவில்லை, கருகும் வாடை வந்தது. இறங்கிப் பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். தொடாமலே சூடு உள்ளங்கையில் அடித்தது. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை இரு கையாலும் சுற்றியும் அது நகரவில்லை. காலிப்பரின் மேலுள்ள, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றப் பயன்படும் ஏர் எடுக்கும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் ஒரு முறை சீறி வெளியே வந்தது. அந்தக் கணமே சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் எவ்வளவு சிறியது, அது செய்த வேலை எவ்வளவு பெரியது என்பதை அந்தச் சீறல் காட்டிவிட்டது. நான்கு சக்கர டிஸ்க்குக்கென்றே செய்த மாஸ்டர் சிலிண்டரை அன்றே வாங்கி மாற்றினேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்கிறது. டிரம்முக்கென்று அமைத்த சிறிய தொட்டியில் அதற்குப் போதுமான இருப்பு இராது.

அடுத்தது முன்பின் சமநிலை. இதைப் பற்றி எழுதாமல் பின்சக்கர டிஸ்க் பற்றி எழுதவே கூடாது என்பேன். டிரம்முக்குள் முன் ஷூவைச் சுழற்சியே இழுத்து அழுத்திப் பின் ஷூவின் மேல் தள்ளுவதால் காலின் அழுத்தம் பல மடங்காகப் பெருகுகிறது. டிஸ்க்கில் கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்பத்தான் பிடிப்பு கிடைக்கும். ஆகவே டிரம்மை மனத்தில் வைத்து அமைத்த, பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அழுத்தக் குறைப்பு வால்வு டிஸ்க்குக்குப் பொருந்தாது. அதோடு எக்ஸ்ப்ளோரர் ஏறக்குறைய 4,000 பவுண்டு எடையுள்ள, பின்னால் சாமானும் ஆட்களும் ஏற்றும் வண்டி. என் மஸ்டாங் சுமார் 3,000 பவுண்டு, அதன் எடை மூக்கில்தான் அதிகம். அந்தக் கனமான வண்டிக்கு அளவெடுத்த பின் பிரேக்கை இந்த இலகுவான பின்பகுதியில் அப்படியே விட்டால், அவசரமாக மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் கார் திரும்பாது, ஆனால் நேராகவாவது போகும்; பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் பம்பரம்போலச் சுழன்றுவிடும்.

இதற்குக் கையால் திருகி அளவு வைக்கக்கூடிய வால்வு கடைகளில் கிடைக்கிறது; பின்சக்கரக் குழாயில் அதைப் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டால் மட்டும் போதாது. மழை விட்ட ஒரு விடியற்காலையில், ஆளில்லாத பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் உரியவரின் அனுமதியோடு, மணிக்கு 20 மைல் வேகத்தில் தொடங்கி மீண்டும் மீண்டும் பிரேக் பிடித்தேன். நண்பர் ஓரமாக நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்த்துக் கை காட்டினார். முதல் முயற்சியிலேயே காரின் பின்பக்கம் வழுக்கிக் கார் கால்வட்டம் திரும்பி நின்றது. வால்வை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிக் குறைத்து, முன்சக்கரம் பூட்டிய பிறகே பின்சக்கரம் பூட்டும் நிலை வரும்வரை இருபத்திரண்டு முறை ஓட்டினோம். அந்த ஒரு காலை நேரத்தைத் தவிர்த்திருந்தால் முதல் மழை நாளில் நெடுஞ்சாலையில் அதே வழுக்கலைச் சந்தித்திருப்பேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு காலிப்பர்களையும் இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு, இரண்டு நாள் ஏர் எடுத்தும் பெடல் பஞ்சுபோலவே இருக்கிறதே என்று தவித்தார். ஏர் எடுக்கும் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் அது கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். பழைய காரின் குழாய் முனைகள் அங்குல அளவு, எக்ஸ்ப்ளோரரில் மில்லிமீட்டர் அளவு. இரண்டையும் பலவந்தமாகத் திருகி இணைக்காமல், புதிய இரும்புக் குழாயை வளைத்து முனையை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்த வேண்டும். டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய அது, ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் டப்பாவை எடுத்து ஊற்றுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றுகிற பழைய டிரம்முக்குள் இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கையும் மறக்கக் கூடாது. எக்ஸ்ப்ளோரரில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் சிறிய டிரம்மும் ஷூக்களும் மறைந்திருக்கின்றன. அவற்றை மஸ்டாங்கின் கேபிளோடு இணைப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரிவில் நிறுத்திய காரும், பிரேக் குழாய் வெடித்த காரும் கடைசியாக நம்பியிருப்பது அந்தக் கேபிளைத்தான்.

மிச்சிகனில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை என்று எதுவும் கிடையாது. நான் செய்த வெல்டிங்கையும் குழாய் இணைப்பையும் பார்த்து முத்திரை குத்த ஒரு அதிகாரியும் வரவில்லை. என் கார் ஓடும் சாலையில் எதிரே வருகிறவர்களுக்கும் அது தெரியாது. இந்தியாவில் இருக்கும் வாசகர்கள் யாரேனும் தங்கள் பழைய காரில் இதை முயன்று பார்க்க எண்ணினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அந்த இளைஞனிடம் ஜாக்கியைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை காயலான் கடைக்கு அவனோடு நானும் போகிறேன். ஆக்சில் கிடைத்தாலும் மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் வாங்கிய பிறகே அவன் காரைத் தூக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். கட்டுரையைப் படித்துவிட்டு இதே ஆர்வத்தில் இருக்கும் மற்றவர்களுக்காக, நிற்கும் தூரம் பாதியாகும் என்ற வரியைத் திருத்தியும், மாஸ்டர் சிலிண்டர், அழுத்தக் குறைப்பு வால்வு ஆகிய இரண்டைப் பற்றிய குறிப்பைச் சேர்த்தும் வரும் இணைப்பிலேயே வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மிச்சிகன் வாசகர் ஒருவர்